டிக்கெட் எடுக்காத கரண்டு

வாங்க சார், வாங்க. செருப்போடயே வாங்க. கூட்டிப் பெருக்க ஆளில்லாத வீடு இது, உங்க செருப்பு மண்ணுனால புதுசா ஒண்ணும் அழுக்காயிராது. அந்த நாக்காலில மட்டும் உக்காராதீங்க, அதுல ஒரு காலு ஆட்டம். இந்த ஸ்டூல முத்தத்துல போட்டு உக்காருங்க. இங்கன இருந்து பாத்தா ரெண்டு வீட்டு மாடியும் தெரியும். நம்ம கரண்டுக் காத்தாடியும் தெரியும், பக்கத்து வீட்டுக் களவாணிப் பயலோட காத்தாடியும் தெரியும். குரலக் கொஞ்சம் கொறச்சே பேசுவோம். மதிலுக்கு அங்கிட்டு ஒரு குடும்பமே காதத் தீட்டிக்கிட்டு இருக்கு.

காபி குடிக்கியளா? ஏளா வடிவு! செக்கிங் சார் வந்திருக்காக! ரெண்டு காபி!

கேட்டுருக்கும். எம் பொண்டாட்டி இப்ப அந்தப் பக்கத்து வீட்டுலதான் இருக்கா. எதுக்குங்கறத அந்த எடம் வரும்போது சொல்லுதேன். மொதல்ல வண்டி கெளம்புன எடத்துல இருந்து வருவோம்.

உங்கள எதுக்குக் கூப்பிட்டேன்னு கேக்கணும்லா? சார், நான் சர்வீசு முழுக்க நாகர்கோவில் திருநெல்வேலி வண்டில கண்டக்டர். நீங்க செக்கிங் இன்ஸ்பெக்டர். வள்ளியூர் தாண்டி ஏதாவது ஒரு புளியமரத்து நெழல்ல நின்னுக்கிட்டு திடீர்னு கையக் காட்டுவிய. மத்த கண்டக்டரெல்லாம் அவசர அவசரமா டிக்கெட்டக் கிழிப்பாக. எனக்கு அந்த அவசரமே வந்ததில்ல. என்னைக்காவது ஆவுடையப்பன் வண்டில டிக்கெட் இல்லாத ஆளுன்னு ஒருத்தன எறக்கியிருக்கியளா? முடியாதுல்லா. ஆளு படியில காலு வைக்கும்போதே நான் சொல்லிருவேன். டிக்கெட் எடுக்க மாட்டேங்கறவன் சில்லறைய உள்ளங்கைலயே வச்சுக்கிட்டு, என்னவோ அன்னைக்குத்தான் மலையக் கண்டவன் மாதிரி ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே வருவான்.

அப்பேர்ப்பட்ட என் வீட்டுலயே ஒருத்தன் டிக்கெட் எடுக்காம ஏறி எறங்குதான் சார். தெனமும். பிடிக்க முடியல. போலீசுக்குப் போனா அவங்களுக்கு வெளங்காது. இது செக்கிங் இன்ஸ்பெக்டர் பாக்க வேண்டிய கேசு. அதான் ரிட்டயர் ஆனாலும் பரவால்லன்னு உங்களக் கூப்பிட்டேன்.

இது எல்லாத்துக்கும் ஆரம்பம் எனக்கு வந்த சுகருதான். பெங்களூர்ல இருக்க என் மகன் போன்ல, "அப்பா, தெனமும் நடங்க, நடங்க"ன்னு உயிர எடுத்தான். வெளிய காத்தும் புழுதியுமா இருக்குப்பான்னேன். ஒடனே நடக்குத மெசின் ஒண்ண அனுப்பி வச்சுட்டான். சார், நடக்கிறதுன்னா என்ன? ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போறது. இதுல ஏறி நின்னா நடந்துக்கிட்டே இருக்கோம், ஒரு ஸ்டாப்பும் வர மாட்டேங்குது. எனக்குத் தலையச் சுத்திட்டு. எறங்கிட்டேன். வடிவு அது மேல ஈரத்துணி காயப் போட ஆரம்பிச்சா.

அப்ப ஆனி மாசம். பணகுடிப் பக்கம் ஆனி ஆடில எப்படிக் காத்தடிக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? கணவாய் வழியா வந்து ஆளையே தள்ளிக்கிட்டுப் போகும். அந்தக் காத்துல எங்கனயாவது மரம் சாயும், கம்பி அறும், கரண்டு போயிரும். ஜன்னலத் தொறந்தா வீடு பூரா மண்ணு. மூடுனா புழுக்கம். வடிவுக்கும் அந்த வயசு. திடீர் திடீர்னு ஒடம்பு தீயா எரியுதும்பா. முந்தானையால வீசிக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருப்பா. ஒரு நாள் சொன்னா, "ஊரு ஒலகத்துக்கெல்லாம் காத்த வித்துப் பொழைக்கிற எடத்துல இருந்துக்கிட்டு, நான் காத்தில்லாம வேகுதேன்." எனக்கு மனசு என்னவோ பண்ணிட்டு சார். பொண்டாட்டிய அப்படிப் பாக்க முடியல.

வெளிய வந்து பாக்கேன். ஊரச் சுத்திப் பெரிய பெரிய காத்தாடியா நிக்கி. எல்லாம் நம்ம தலைக்கு மேல போற காத்து. அத்தன காத்தும் எக்ஸ்பிரஸ் வண்டி கணக்கா நம்ம ஊர்ல நிக்காமப் போகுதே, நமக்குன்னு ஒரு ஸ்டாப்பு போட்டா என்னன்னு தோணுச்சு. செல்போன்ல தேடுனேன். ஒருத்தன் பழைய மோட்டார வச்சு மாடியில காத்தாடி செஞ்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறத வீடியோ போட்டிருந்தான். பாதி பாத்தேன். மீதி எனக்கே வெளங்கிட்டு. நமக்கெல்லாம் பாதி ரூட்டு காட்டுனாப் போதும் சார்.

நடக்குத மெசினக் குப்புறப் போட்டேன். உள்ள மோட்டார் ஒண்ணு ஜம்முனு உக்காந்திருந்தது. உருவிட்டேன். தண்ணிக் குழாய் போடுத பெரிய பிவிசி பைப்ப நீளவாக்குல அறுத்து மூணு எறக்கை. பழைய டிவி ஆன்டனா கம்பிய மாடியில நட்டாச்சு. பின்னால வாலு ஒண்ணு வேணும்லா, காத்து வாற பக்கம் அதுவாத் திரும்ப? அதுக்குத் தகரம் தேடுனப்போ நம்ம வண்டிப் பலகை கண்ணுல பட்டுச்சு. அந்தா, மேல பாருங்க. "நாகர்கோவில் - திருநெல்வேலி, வழி வள்ளியூர்." எழுத்து அழியல பாத்தியளா? ரிட்டயர் ஆன அன்னைக்கு டிப்போல சும்மா கெடந்துச்சுன்னு எடுத்துட்டு வந்தேன். அதக் களவுன்னு சொல்ல முடியாது. நான் இல்லாம அந்தப் பலகைக்கு என்ன மரியாத இருக்கு, சொல்லுங்க?

ஏணியப் பிடிச்சது யாருன்னு நெனைக்கிய? பக்கத்து வீட்டுக் கொம்பையா. எனக்குச் சகலை. வடிவோட தங்கச்சி பகவதியக் கட்டுனவன். டெய்லர். நடுவுல மதில், மதில்ல ஒரு சின்னக் கேட்டு. அக்காளும் தங்கச்சியும் கொழம்பு மாத்திக்கிட அந்தக் கேட்டு. ஏணியப் பிடிச்சான், ஒயர இழுத்துக் கொடுத்தான், "அண்ணாச்சி, ஒங்க மூளைக்கு நீங்க பஸ்ஸுல போயி மணி அடிச்சுட்டு இருந்தியளே"ன்னு ரொம்பப் பெருமையாப் பேசுனான். அப்பவே நோட்டம் பாத்திருக்கான் சார், நான்தான் கவனிக்கல.

ஒர்க்‌ஷாப்புல சொல்லி ஒரு பழைய கார் பேட்டரி. டிரைவர் தலைக்கு மேல மாட்டுவாகள்லா, அந்தச் சின்ன ஃபேன் ஒண்ணு. ஒரு பல்பு. ஃபேன வடிவு தலைமாட்டுல வச்சேன். இனிமே இந்த ரூமுக்கு வெளிக் கரண்டே வேண்டாம்னு பழைய ஒயரப் புடுங்கி எறிஞ்சுட்டேன். அன்னைக்கு மறுநா காலைல எந்திரிச்சு, "இப்படித் தூங்கி எம்புட்டு நாளாச்சு"ன்னா பாருங்க. கலெக்டர் கையால மெடல் வாங்குனாக்கூட எனக்கு அந்தச் சந்தோசம் வந்திருக்காது. ஆனி, ஆடி, ஆவணி, ராசாத்தி மாதிரித் தூங்குனா.

நடுவுல மகன் போன் பண்ணி, "நடக்கியளாப்பா"ன்னான். நடந்து நடந்து மெசினு தேஞ்சு போச்சுப்பான்னேன். பயலுக்குக் கொரலே மாறிட்டு, சந்தோசத்துல. வேற ஒண்ணு அனுப்புதேன்னான். பிள்ள மனசு குளிர ஒரு பொய் சொன்னாத் தப்பில்ல.

இந்தா, காபி வந்துட்டு. வடிவு, சாருக்கு அந்த டம்ளர், எனக்குச் சீனி இல்லாததத் தா. பாத்தியளா சார், மதிலுக்கு மேல கைய மட்டும் நீட்டுதா. ஆளு வர மாட்டா. மூஞ்சியக் காட்டவும் மாட்டா. ஆனா காபி மட்டும் நேரத்துக்கு வந்துரும். குடிங்க.

எங்க விட்டேன்? ஆவணி. ஆவணி முடிஞ்சு பொரட்டாசி பொறந்துட்டு. காத்து அடங்கிட்டு. மேல இருக்க கம்பெனிக் காத்தாடி எல்லாம் அப்படியே அசையாம நிக்கி. ஒரு எல அசையல. சார், இப்பத்தான் நல்லாக் கேளுங்க. அத்தன பெரிய காத்தாடியும் நிக்கும்போது, நம்ம காத்தாடி மட்டும் சுத்துது! மத்தியானம் சுத்துது, சாயங்காலம் சுத்துது. காத்து வந்தா வேகமாச் சுத்தும். காத்து நின்னா, அதுபாட்டுக்கு ஒரே சீரா, அழகா, ஆடாம அசங்காமச் சுத்தும்.

ஊரே கூடிட்டு. "அண்ணாச்சி, இது என்ன மாயம்"னு கேட்டாக. பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் பைக்ல வந்து போட்டோ எடுத்தாக. நான் சொன்னேன், காத்து இல்லன்னு உங்களுக்குத்தான்வே தோணுது, கண்ணுக்குத் தெரியாத சன்னக் காத்துன்னு ஒண்ணு இருக்கு, அதக்கூட விடாமப் பிடிக்குத மாதிரி எறக்கையச் சீவியிருக்கேன்னு. கம்பெனில வேல பாக்குத இஞ்சினியர் ஒருத்தர் வந்து பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டுப் போயிட்டாரு. குலுங்கிக் குலுங்கிப் போனாரு பாவம், தாங்க முடியல போல.

என்ன சார், ஏதோ சொல்ல வாரிய? இருங்க இருங்க, நான் முடிச்சுக்கிடுதேன். கதையே இனிமேத்தான்.

காத்தாடி இந்தப் போடு போடுது, ஆனா ஃபேன் சுத்தல. பல்பு எரியல. பேட்டரி காலி. பகல்ல கொஞ்சம் காத்தடிச்சு ஏறுன சார்ஜு, வடிவு படுக்கப் போற நேரத்துக்குப் பாத்தா இல்ல. தொடச்சு எடுத்த மாதிரி இருக்கு. மறுநாளும் அப்படித்தான். வடிவு பழையபடி முந்தானையால வீச ஆரம்பிச்சுட்டா. எனக்கு மூஞ்சிய எங்க கொண்டு வைக்கன்னு தெரியல.

அவ என்ன சொன்னா தெரியுமா? "மாடியில சுத்துதே, அது ஃபேன் மாதிரிச் சுத்துது. பேட்டரில இருக்கத எல்லாம் அதுதான் தின்னுது. பகல் பூரா மாடியில காக்காய்க்கு வீசுதிய, ராத்திரி கீழ கெடந்து நான் வேகுதேன்." எப்படிப் பேசுதா பாருங்க. காக்காய்க்கு நான் எதுக்கு வீசணும்?

அதோட விட்டாளா? ஒரு நாள் சாயங்காலம் என்னப் பேட்டரி பக்கத்துல நிப்பாட்டி, "மேலயே பாருங்க"ன்னுட்டு ஒயரக் கழட்டுனா. காத்தாடி மெல்ல மெல்ல நின்னுட்டு. மாட்டுனா. சுத்துச்சு. கழட்டுனா. நின்னுட்டு. மாட்டுனா, சுத்துது. "இப்பவாவது வெளங்குதா?"ன்னா. நான் சொன்னேன், "ஏளா, பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்கி. போற எடத்துல ரோடும் இல்ல, ஸ்டாண்டும் இல்லன்னா டிரைவர் வண்டிய எடுப்பானா? நீ பேட்டரியக் கழட்டிட்டா அது கரண்டக் கொண்டு எங்க எறக்கும்? எறக்க எடமில்லன்னுதான் நிக்கி. அதுக்கு இருக்க அறிவு ஒனக்கு இல்லியே." ஒயரக் கீழ போட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

மறுநா பணகுடி ரேடியோ கடைக்குப் போயி, வெரல் நகம் அளவுல கருப்பா ஒரு சாமான் வாங்கிட்டு வந்தா. டையோடாம். "இத ஒயர்ல வச்சா கரண்டு மேல இருந்து பேட்டரிக்கு வரும், பேட்டரில இருந்து திரும்பி மேல போகாது, கடைக்காரர் சொன்னாரு"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பேட்டரில எறங்குன கரண்டு திரும்ப எதுக்கு மாடிக்குப் போகுது? அங்க அதுக்குச் சொந்தக்காரன் யாரு இருக்கான்? கடைக்காரன் ஒரு சாமான் விக்கணும்னா ஆயிரம் சொல்லுவான். தூக்கி ஜன்னல் மேல வச்சுட்டேன்.

அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன் சார். கரண்டு எறங்குது. எறங்குற எடத்துல ஆளு இருக்கான். கலெக்‌ஷன் கொறையுதுன்னா வண்டிமேல சந்தேகப்படுவமா, ஆளுமேல சந்தேகப்படுவமா?

யாரு? பக்கத்து வீட்டுல மோட்டார் வச்ச தையல் மெசின் ராப்பகலா ஓடுது. இங்க பேட்டரி காலியாகுது. கொம்பையா என்னப் பாத்தா இப்பல்லாம் மொகத்தத் திருப்பிக்கிடுதான், தோள் குலுங்குது. நம்ம சர்வீசுல பாக்காத மூஞ்சியா? பேட்டரியச் சுத்திக் கோலப்பொடியத் தூவி வச்சேன், கால் தடம் விழும்லான்னு. காலைல பாத்தா எறும்புதான் வரிசையாப் போகுது. அரிசி மாவு அது, வடிவு சொல்லல. சரி, பூமிக்குள்ள ஒயர் விட்டிருப்பான்னு மதில் ஓரமாத் தோண்டுனேன். ஒயர் ஆப்புடல. தண்ணிக் குழாய் ஆப்புட்டுச்சு. ஒரு போடு போட்டேன், ஒடஞ்சுட்டு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே குழாய்.

தண்ணி வரலன்னு கொம்பையா வந்து நின்னான். "என்ன அண்ணாச்சி தோண்டுதிய?"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். தெருவுல வச்சே கேட்டுட்டேன். "எங்கவே விட்டிருக்க ஒயர? எம் பொண்டாட்டி வேகுதா, ஒம் மெசினு ஓடுதோ?" ஊரு கூடிட்டு. அவன் ரெண்டு கையையும் நீட்டுனான். "அண்ணாச்சி, ஒங்க பேட்டரிய நான் தொட்டிருந்தா, ஊசி பிடிக்கிற இந்தக் கை வெளங்காமப் போகட்டும்"னு சொல்லி அழுதுட்டான். அழுதா டிக்கெட் எடுத்ததா ஆயிருமா சார்? நானும் விடல. "இனி ஒன் வீட்டுல நான் கை நனைச்சா நான் ஆவுடையப்பன் இல்லவே"ன்னு அத்தன பேரு முன்னாலயும் சொல்லிட்டேன். ஒரு சோறு, ஒரு தண்ணி கெடையாது. சொன்னா சொன்னதுதான். மதிலுக்கு மேல வார காபி கணக்குல வராது, அது எம் பொண்டாட்டி கை.

வடிவு உள்ள போனா. தலையணைய எடுத்தா, அந்தச் சின்ன ஃபேன எடுத்தா, கேட்டுக்கு அங்கிட்டுப் போயிட்டா.

ஊர்ல என்ன பேசுதாகன்னு எனக்குத் தெரியும். பொண்டாட்டி கோவிச்சுட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டான்னு பேசுதாக. அப்படி இல்ல சார். உளவு பாக்க நான்தான் விட்டு வச்சிருக்கேன். என்ன ஒண்ணு, இது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா இயல்பா இருக்க மாட்டால்லா.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், உங்ககிட்ட சொல்ல என்ன வெக்கம். அவ இல்லாம வீடு வெறிச்சுனு கெடக்கு. காலைல எந்திரிச்சு யாரத் திட்டன்னு தெரியல. நான் ஒரு தோச சுட்டேன், அது தோசைக்கல்ல விட்டு வரவே மாட்டேன்னுட்டு. சாயங்காலம் ஆனா இங்கன வந்து உக்காந்து மேல சுத்துறதப் பாத்துக்கிட்டே இருக்கேன். அது சுத்துது, சுத்துது. எனக்கு அழுகையா வருது சார்.

இருக்கட்டும், நம்ம கேசுக்கு வருவோம். பெரிய சாட்சி இப்பத்தான் வருது.

மகன் ரெண்டாவது நடக்குத மெசின அனுப்புனான்லா. அது வடிவு பேருக்கு வந்துட்டு. கையெழுத்துப் போட்டு வாங்கி, நேரா அந்த வீட்டுக்குக் கொண்டு போயிட்டா. நான் அறுத்துப் போட்டிருந்த பிவிசி பைப்புல மிச்சம் கெடந்துச்சு. ஒரு நாள் நான் கடைக்குப் போயிட்டு வாறதுக்குள்ள அதக் காணோம். ஜன்னல் மேல வச்சிருந்த கருப்புச் சாமானையும் காணோம். ரெண்டு நா கழிச்சு அந்தா, கொம்பையா மாடியில ஒண்ணு மொளச்சு நிக்கி. என்னுதப் பாத்து அச்சு அசலா! வாலுக்குப் பலகை இல்ல, எண்ணெய் டின்னு; பேட்டரிகூட தனியா ஒண்ணு வாங்கிட்டாக. பகவதி ஏணியப் பிடிக்கா, இவ மேல ஏறி நின்னு ஸ்குரூ முடுக்குதா. நான் இங்கிட்டு மதிலப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், விழுந்து கிழுந்து வச்சாள்னா?

இப்ப நல்லாப் பாருங்க சார். நீங்க செக்கிங் பண்ண கண்ணு. இப்பக் காத்து இருக்கா? இல்ல. நம்ம காத்தாடி? சுத்துது. அவன் காத்தாடி? ஆணியடிச்ச மாதிரி நிக்கி. என்னைக்காவது மத்தியானம் காத்து வீசுனா ஒரு சுத்துச் சுத்தும், காத்து நின்னா அதுவும் நின்னுரும். சோம்பேறிக் காத்தாடி. ஆனா பொழுது சாஞ்சு ஊருக்குக் கரண்டு போனா அந்த வீட்டுல பல்பு எரியும். ஃபேன் சுத்தும். நம்ம வீட்டுல இருட்டு.

சுத்துறது நம்மளுது, வெளிச்சம் அவன் வீட்டுல. நிக்கிறது அவனுது, இருட்டு நம்ம வீட்டுல. கரண்டு எந்த ஸ்டாப்புல ஏறி எந்த ஸ்டாப்புல எறங்குதுன்னு இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன சாட்சி வேணும்? நீங்களே சொல்லுங்க.

ஏன் சார் குனிஞ்சுக்கிட்டிய? காபி பொரையேறிட்டா? மெதுவா, மெதுவா. தலையத் தட்டட்டுமா? ...என்னது, டையோடா? நீங்களுமா சார்! அந்தக் கருப்புச் சாமான்தான் சார் களவுச் சாமானே. அது அந்த வீட்டுக்குப் போன பொறவுதானே அங்க வெளிச்சம் வந்துச்சு? அதுல கரண்டு ஒரு பக்கமா மட்டும்தான் போகுமாம். எந்தப் பக்கமாப் போகுதுங்கறதுதான் நம்ம கேசு.

அட, கரண்டு போயிட்டு. பாத்தியளா, பொழுது சாய ஆரம்பிச்சதும் ஊரு பூரா இருட்டு. இப்பப் பாருங்க வேடிக்கைய. எண்ணிக்கிட்டே இருங்க. அந்தா! எரிஞ்சுட்டா? எரிஞ்சுட்டு! கையும் களவுமா மாட்டிக்கிட்டான். எந்திரிங்க சார், இப்பமே போயிப் பாத்துட்டு வாங்க. நான் வர முடியாது. அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொன்னவன் வாசப்படியும் மிதிக்கக் கூடாது.

ஏளா வடிவு, என்னளா கத்துத? கேக்கு கேக்கு. சாரத்தான இருட்டுல உக்கார வச்சிருக்கேன்? அவரு வருவாரு. இடியாப்பமா? சாப்பிடச் சொல்லு, அவருக்கென்ன. நானா? நான் எப்படிளா வருவேன்? நான் என்ன சொல்லியிருக்கேன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்.

என்னது? திருப்பிச் சொல்லு. சார், நீங்களும் கேளுங்க. சத்தமாச் சொல்லுளா.

"இங்க எரியுறது ஒங்க கரண்டுதான? அப்ப ஒங்க கரண்டு எரியுற வீடு ஒங்க வீடுதான? ஒங்க வீட்டுல நீங்க கை நனைக்க என்ன? வாங்க, ஆறிப் போகுது."

கேட்டியளா சார்! ஒத்துக்கிட்டா! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா! உங்க முன்னால, சாட்சியோட! இத்தன நாளும் இதத்தான நான் சொன்னேன், இந்த ஊர்ல ஒருத்தனாவது கேட்டானா? எந்திரிங்க, எந்திரிங்க. இருங்க, சட்டைய மாட்டிக்கிடுதேன். தல கலைஞ்சிருக்கா? சரியா இருக்கா? இந்தப் பக்கம் வாங்க, கேட்டு சின்னது, குனிஞ்சு வாங்க.

வாரோம்மா பகவதி. கொம்பையா, என்னவே சொவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்க? உக்காரு. எல்லாம் முடிஞ்சுட்டு. ஒண்ணும் பயப்படாத, சாருகிட்ட நான் பேசிக்கிடுதேன். சார், குடும்பஸ்தன், நல்ல தொழில்காரன், மொதத் தடவ. எழுத வேண்டாம். கண்டிச்சு விட்டுருவோம். எவ்வளவு வேணாலும் எடுத்துக்கிடுவே, எனக்குக் கொறையாது, மேல பாரு, காத்தே இல்லாமச் சுத்துது. கேட்டுட்டு எடுத்திருந்தா நானே கொடுத்திருப்பேன்லா? ஏன்வே மறுபடி தோளக் குலுக்குத, அழாத, அழாத. மனுசன்னா தப்புப் பண்ணத்தான் செய்வான். நான் மறந்துட்டேன்.

வடிவு, நீயும் உக்காரு. ஏன் நின்னுக்கிட்டே வைக்க? வேர்த்திருக்கு பாரு. எளச்சுட்டா சார், இங்க வந்து எளச்சுட்டா.

ஏவே, ஃபேன எதுக்கு எம் பக்கம் திருப்புத? நான் விருந்தாளியா? அவ பக்கமாத் திருப்பி வை. இன்னும் கொஞ்சம். ஆ, அப்படியே இருக்கட்டும். என் கரண்டுதான, நான் சொல்லுத பக்கம் வீசட்டும்.